மலைச்சரிவில் தூங்கிய பெட்டிகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், அந்த நாட்களில் "பெட்டிகளைத் தூங்க வைக்கிறேன்" என்று சொல்லுவேன். கேட்டவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். எனக்கும் அதுதான் வேண்டும். வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசுகிற கருவிகள் செய்கிறேன், உள்ளே பேட்டரி இருக்கும், மேலே ஏரியல் இருக்கும் என்று ஒரு தமிழ்ப் பையன் பஸ்ஸில் உட்கார்ந்து விளக்கம் கொடுத்தால், அடுத்த சோதனைச் சாவடியோடு அவன் பயணம் முடிந்தது.

ஆனாலும் நான் சொன்னது பொய்யில்லை. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எங்கள் விரிவுரையாளர் நடத்திய ஆராய்ச்சியில் நான் உதவியாளன். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் ஒரு கம்பி, மண்ணில் எவ்வளவு ஈரம் என்று பார்க்கும். உள்ளே இருக்கும் சின்னச் சில்லு, நிலம் சாய்கிறதா என்று பார்க்கும். இப்படிப் பல பெட்டிகளை மலைச்சரிவில் நட்டுவைத்தால், மேலே இருப்பது தனக்குக் கீழே இருப்பதிடம் சொல்லும், அது தனக்குக் கீழே இருப்பதிடம் சொல்லும். கடைசியில் அடிவாரத்தில் உள்ள கணினிக்குச் செய்தி வந்து சேரும்.

இதில் அளப்பதற்கு மின்சாரம் அதிகம் போகாது. பேசுவதற்குத்தான் போகும். அதைவிட எரிச்சலான விஷயம், யாராவது பேசமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருப்பதற்கும் பேசுகிற அளவுக்கே போகும். காத்திருப்பதற்கு இவ்வளவு செலவா என்று முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஆகவே பெட்டிகளைத் தூங்க வைக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து, சட்டென்று பேசி முடித்து, மறுபடியும் தூங்க வேண்டும். அந்த நேரக்கணக்கை எழுதுவதுதான் என் வேலை.

அந்தப் பெட்டிகளை எங்கே நடுவது என்ற பேச்சு வந்தபோது, எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னது நான்தான். மாத்தளையிலிருந்து யட்டவத்தைப் பக்கம் போகும் பஸ்ஸில் போய், கடைசியில் இறங்கி, மேலே நடக்க வேண்டும். கீழே மிளகும் கொக்கோவும், மேலே தேயிலை. நடுவில் சரிவை ஒட்டி ஒரு நீண்ட லயம், தொழிலாளர் குடும்பங்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகள். அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் என் அக்கா இருந்தாள். அம்மா அப்பா போனபிறகு கொழுந்து கிள்ளி என்னைப் படிக்கவைத்தவள் அவள்.

லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் அகலும். மழை பெய்தால் லயத்துச் சனமெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடிவிடும். அக்காவால் ஓட முடியாது. அவள் புருஷன், என் மச்சான், மிளகு பறிக்க முள்ளுமுருங்கை மரத்தில் ஏறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நல்ல உயரமான மனுஷன். அவரைத் தூக்க இரண்டு பேராவது வேண்டும். எல்லோரும் அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்தில், ஓடுகிறவனை நிறுத்தி இவரைத் தூக்கு என்று எப்படிக் கேட்பது? அக்கா கேட்பதில்லை. மழை விடும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

பழைய ரப்பர் மலையில் தட்டையான நிலம் இருந்தது. லயத்துக்காரர்களுக்கு அங்கே வீடு கட்ட இடம் கொடுக்கச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டாயிற்று. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, மலை நகர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். அரசாங்க அலுவலகத்தில் கேட்டால், அவர்களும் அதையே சிங்களத்தில் சொன்னார்கள். எங்கள் விரிவுரையாளர் நேரில் வந்து துரையிடம் பேசினார். ஒரு மாரி மழைக்காலம் முழுக்க, விட்டுப்போகாமல் அளவுகளைக் கொடுங்கள், சரிவு நகர்வது தெரிந்தால் நிலம் தருகிறோம் என்று துரை ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பெட்டிகளை நடும்போது லயமே கூடி நின்றது. அடிவாரக் கணினியைப் பிள்ளைக் காம்பராவில் வைத்தோம். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. லயத்துப் பக்கத்தில் கரண்டு இருந்த கட்டடமும் அது ஒன்றுதான். அங்கிருந்து ஒரு மோடம் வழியாகக் கண்டியில் உள்ள எங்கள் கணினிக்கு அளவுகள் வரும், நாங்கள் எழுதுவதும் அதே வழியில் பெட்டிகளுக்குப் போகும். சரிவின் அமைப்பு எங்களுக்குச் சாதகமாக இல்லை. மேலே எத்தனை பெட்டி இருந்தாலும், அவற்றின் செய்தி அக்காவின் காம்பராவுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தாண்டித்தான் பிள்ளைக் காம்பராவுக்கு வரமுடியும். அந்த மேட்டில் இருந்த ஒரே பெட்டி எல்லோருடைய பேச்சையும் சுமக்க வேண்டும். லயத்துக்குத் தண்ணீர் பிடிக்க ஒரே பீலி இருந்தால் அதன் வாய் முதலில் தேய்வது மாதிரி, அந்தப் பெட்டியின் பேட்டரிதான் முதலில் தீரும். அதனால் எல்லாப் பெட்டிகளின் தலையிலும் சின்னதாய் வைத்த சூரியத் தகட்டை, அதற்கு மட்டும் பெரிதாய் வைத்தோம்.

அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்நேரமும் தூங்கிக்கிட்டு இருக்கும்னு சொல்றியே தம்பி. அது தூங்குறப்ப மண்ணு வந்துச்சுன்னா?"

"சாஞ்சா அதுவே முழிச்சிக்கும்க்கா. ஆனா கீழ உள்ளது முழிக்கிற வரைக்கும் சேதி சொல்லக் காத்துக்கிட்டு நிக்கும்."

"அப்ப நம்ம ஓடுறதுக்கு இது ஒதவாது."

"ஓடுறதுக்கு இல்லக்கா. இங்கருந்து ஒரேயடியா போறதுக்கு."

உள்ளேயிருந்து மச்சான் சிரித்தார். "எனக்கு அது போதும் மச்சான். ஓடுற வேல எனக்கு ஒத்துவராது" என்றார். அவருக்கு அப்படித்தான் பேச வரும். தன் காலைப் பற்றி அவரே கேலி பேசிவிட்டால் மற்றவர்கள் பரிதாபப்பட வழியில்லை அல்லவா.

மழைக்கு முன் பழைய பேட்டரிகளை மாற்றிவிட நினைத்தோம். கொழும்பிலிருந்து புதிய பேட்டரிகளை நானே வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். விரிவுரையாளர் சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். அங்கே நின்றவன் அதை மரியாதையாகவே வாசித்தான். எந்த ஊர், அப்பா பெயர் என்ன, கொழும்பில் எங்கே தங்கினாய் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டான். கடைசியில் கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, பேட்டரியை வைத்துக்கொண்டான். என்னை விட்டதே பெரிய காரியம் என்று விரிவுரையாளர் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். அந்த மாதத்தில் எங்கள் விடுதியிலிருந்து விசாரணைக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

இருக்கிற பேட்டரியைக் கொண்டே மாரியை ஓட்டியாக வேண்டும். உட்கார்ந்து யோசித்தோம். தூக்கத்தை நீட்டினேன். அளவு மாறவில்லை என்றால் வாயே திறக்காதே என்று ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதினேன். மேலிருந்து வருகிற செய்திகளைத் தனித்தனியாகச் சொல்லாமல் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும்படி செய்தேன். பக்கத்திலுள்ளவருக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் குரலைக் குறைத்தேன். கருமித்தனம் என்றால் அப்படி ஒரு கருமித்தனம். பகலில் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழுந்தாலும் போதும், மாரி முடியும்வரை தாங்கும் என்று கணக்கு சொன்னது. விரிவுரையாளர் என் முதுகில் தட்டினார். வாழ்க்கையில் எதையாவது உருப்படியாகச் செய்தோம் என்று எனக்குத் தோன்றிய வாரம் அது.

அதற்கடுத்து ஆயுத பூசை வந்தது.

தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் சரசுவதி படத்தோடு முடிகிற காரியமில்லை. தேயிலை பதப்படுத்தும் இஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோதை முதல் லொறியின் மூக்கு வரை சந்தனம் வைப்பார்கள். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாம் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். சோறு போடுகிற சாமானுக்கு ஒரு நாள் மரியாதை. அந்த வருஷம் லயத்துக்காரர்கள் சரிவிலும் ஏறினார்கள். தங்களுக்கு வீடு வாங்கித் தரப்போகிற பெட்டிகளை எப்படி விட்டுவிடுவது? ஒவ்வொன்றுக்கும் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை சுற்றி, கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். நான் அங்கே இல்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

பூசை முடிந்ததும் வானம் இருட்டியது. கொழுந்து கிள்ள மலைக்குப் போகிற பெண்கள் மழைக்குத் தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு என்று தங்களை மூடிக்கொள்வார்கள். பெட்டி பாவம், மொட்டையாக நிற்கிறது, வைத்த பொட்டும் கரைந்துவிடும். அக்கா ஓர் உரச் சாக்கைக் கழுவி, இரண்டாக மடித்து, மேட்டில் இருந்த பெட்டிக்குத் தலையோடு போட்டு, காற்றில் பறக்காமல் கயிற்றால் கட்டினாள். அதைப் பார்த்த மற்றவர்களும் ஆளுக்கொரு சாக்கை எடுத்துக்கொண்டு மேலே போனார்கள்.

எனக்குக் கண்டியில் தெரிந்ததெல்லாம் திரையில் தெரிந்ததுதான். முதலில் மேட்டுப் பெட்டியின் மின்னளவு இறங்கியது. மேகமூட்டம் என்று நினைத்தேன். பிறகு மேலே உள்ளவையும் இறங்கத் தொடங்கின. தூக்கத்தை இன்னும் நீட்டினேன். அப்புறமும் இறங்கியது. கணக்கில் எங்கே பிழை என்று எழுதியதையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மழை வலுத்த வாரத்தில் மேட்டுப் பெட்டி பேச்சை நிறுத்தியது. அதோடு சரிவு முழுவதும் ஊமையாகிவிட்டது.

நேரில் போகலாம் என்றால் விரிவுரையாளர் விடவில்லை. எங்கோ குண்டு வெடித்திருந்தது. தெருவுக்குத் தெரு சோதனை. கம்பியும் கருவியுமாக நீ போனால் உன்னைத் தேட நான் எங்கே அலைவது என்றார். தோட்டத்துச் சந்திக் கடைக்கு போன் பண்ணி, அக்காவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தேன். மூச்சு வாங்க வந்து பேசினாள்.

"பொட்டியெல்லாம் இருக்காக்கா? யாரும் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"எல்லாம் பத்திரமா இருக்கு தம்பி. ஒரு சொட்டு நனையல. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

மழையில் நிற்கிற பெட்டி எப்படி நனையாமல் இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆறுதலாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பெட்டிகள் நனைவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

மழை கொஞ்சம் தணிந்து, சோதனைகளும் தணிந்த பிறகு நான் போய்ச் சேர்ந்தேன். லயத்தின் பக்கம் திரும்பியதும் மேட்டில் வெள்ளையாய் ஒன்று தெரிந்தது. கிட்டே போய்த்தான் அது சாக்கு என்று புரிந்தது. கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் இழுத்துக் கிழித்தேன். உள்ளே சூரியத் தகடு காய்ந்து, சுத்தமாக, நடுவில் சந்தனப் பொட்டோடு இருந்தது. மேலே பார்த்தேன். தேயிலைக்கு நடுவே அங்கங்கே வெள்ளைச் சாக்குகள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவிடம் என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. வெயில்தான் அதற்குச் சாப்பாடு, நீங்கள் எல்லோரும் சேர்ந்து பட்டினி போட்டுவிட்டீர்கள் என்று கத்தியிருப்பேன். அவள் கொழுந்துக் கூடையோடு அப்படியே நின்றாள்.

"நனையுதேன்னுதான் தம்பி" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகு கத்த முடியவில்லை. இருவருமாகச் சரிவில் ஏறி ஒவ்வொரு சாக்காகக் கழற்றினோம். கிடைத்த வெயிலைத் தின்று பெட்டிகள் மெதுவாக உயிர் பெற்றன. ஆனால் பலத்த மழை பெய்த நாட்கள் போய்விட்டன. மலை நகர்ந்திருந்தால் அந்த நாட்களில்தான் நகர்ந்திருக்கும். வெடிப்பு கூடியிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. எங்கள் கணினியில் அந்த நாட்களுக்கு வெறும் வெள்ளைதான் இருந்தது.

துரையின் ஆபீசில் கூட்டம் நடந்தது. விரிவுரையாளர், நான், அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒருவர். லயத்தின் சார்பில் மாதர் சங்கத் தலைவி என்று அக்காவை அழைத்திருந்தார்கள். விரிவுரையாளர் கெட்டிக்காரத்தனமாக, கருவியில் ஏற்பட்ட தடங்கல் என்று பொதுவாகச் சொல்லி, கிடைத்த அளவுகளை வைத்து முடிவெடுக்கக் கேட்டார். துரை விடவில்லை. என்ன தடங்கல் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். எங்கள் மீது பழி விழுகிறதென்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து நின்றாள்.

"மெசின்ல ஒரு கொறையும் இல்லிங்க தொர. நாந்தான் மொதல்ல சாக்குப் போட்டு மூடினேன். என்னப் பாத்துத்தான் மத்தவங்க மூடுனாங்க."

துரை அதை ஆங்கிலத்தில் அரசாங்க அலுவலகத்துக்காரருக்குச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், வேடிக்கையான விஷயத்துக்குச் சிரிப்பதுபோலத்தான் சிரித்தார்கள். அப்படியானால் அடுத்த வருஷம் பார்ப்போம் என்று கூட்டம் கலைந்தது. தம்பியைக் காப்பாற்ற நினைத்து லயத்தையே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அன்று மாலையே பேச்சு கிளம்பியது. எல்லோரும்தான் சாக்குக் கட்டினார்கள். ஆனால் கட்டியவள் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. பீலியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

அடுத்த வருஷம் பெட்டிகள் இல்லை. ஆராய்ச்சியின் காலம் முடிந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோம். விரிவுரையாளர் எங்கெங்கோ எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை. அக்கா மழை நாட்களில் வேலைக்குப் போகாமல் மச்சான் பக்கத்தில் இருந்தாள். அப்படிப் பல நாள் போகாததால் பெயரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி மிரட்டினார். அதனால் மழை சற்று விட்டிருந்த ஒரு முற்பகலில், போய்விட்டு மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொல்லி மலைக்குப் போனாள்.

மழை பெய்யாத நேரத்தில்தான் மண் வந்தது. லயத்தின் கடைசி மூன்று காம்பராக்களை மூடியது. எல்லோரும் மலையில் இருந்தார்கள், பிள்ளைகள் பிள்ளைக் காம்பராவில் இருந்தார்கள். வீட்டில் இருந்தவர் ஒருவர்தான்.

நான் வந்தபோது மச்சானை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு வருஷமாய் அக்காவோடு பேசாதவர்களெல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பொய்யழுகை இல்லை, உண்மையாகவே அழுதார்கள். துரை வந்தார், பெரிய பெரிய அதிகாரிகள் வந்தார்கள், படம் பிடித்தார்கள். ரப்பர் மலை நிலத்தை லயத்துக்குக் கொடுப்பதென்று கருமாதிக்கு முன்பே முடிவாகிவிட்டது. எவ்வளவு ஈரம், எவ்வளவு சாய்வு என்று ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. நிலம் அளக்கக் கயிறு பிடித்தபோது நானும் நின்றேன். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

வீடு கிடைப்பவர்களின் பெயரை வாசித்தபோது அக்காவின் பெயர் வரவில்லை. விட்டுப்போயிருக்கும் என்று ஆபீசுக்குப் போனோம். கிளாக்கர் நல்ல மனுஷன், எங்களை உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"வீடு குடும்பத்துக்குத்தாம்மா. புருசன் பொஞ்சாதியா இருக்கணும், இல்லாட்டி புள்ளைங்க இருக்கணும். தனி ஆளுக்குக் குடுக்கச் சொல்லி சட்டம் இல்ல. ஒங்களுக்கு மேல் டிவிசன் லயத்துல ஒரு காம்பரா போட்டிருக்கு."

நான் எழுந்துவிட்டேன். அந்த ஆபீசே இடிந்து விழுகிற மாதிரிக் கத்தப் போகிறேன் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்.

"வாய மூடு. நீ சத்தம் போட்டா, இவரு ஒரு போன் பண்ணுவாரு. உன்னப் புலின்னு சொல்லிப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. எனக்கு இன்னொருத்தரத் தேடித் தோண்ட முடியாது."

அவளே கிளாக்கரிடம் காம்பராவின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மேல் டிவிசனுக்குப் போகும் பாதையில் அவள் முன்னால் நடந்தாள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ஒரு சட்டியும் மச்சான் உடுத்திய ஒரு சாரமும்தான் மூட்டையில் இருந்தன. அந்த லயத்துக்குப் பின்னாலும் மலை செங்குத்தாகத்தான் ஏறியது.